கடைசிப் பக்கத்தில் இரண்டு ஊர்கள்

பாடப்புத்தகத்துக்குள் மாத நாவலை ஒளித்து வைத்துப் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், என் வயதுக்காரர்களில் பாதிப் பேராவது தோள்வலியை மறந்து கையைத் தூக்குவோம். அந்தப் பாதிப் பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

போன வாரம் என் மருமகள் ஒரு துப்பறியும் தொடரைப் பற்றி வாசகர்கள் எழுதியிருந்ததைக் கைப்பேசியில் காட்டினாள். நாற்பதாம் பக்கத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது, நேரம் வீண் என்று ஒருவர். இந்தத் தொடரில் இதுதான் முதல்தரம், பிடிக்காதவர்களுக்குப் படிக்கத் தெரியவில்லை என்று இன்னொருவர். கதையைப் படிக்காமலே அந்தச் சண்டை முழுவதையும் படித்து முடித்தேன். “இதுல உங்களுக்கு அப்படி என்ன அத்தை இருக்கு?” என்றாள். இப்படிப்பட்ட நாலு வரிக் கருத்து ஒன்று ஒரு கோடையில் எங்கள் வீட்டைப் புரட்டிப் போட்டது என்று சொன்னால் அவள் நம்பமாட்டாள். நீங்கள் நம்புவீர்கள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. திண்டிவனத்தில் ரயிலடிக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பெயர். மல்லாட்டை மூட்டைகள் வந்து இறங்கும் மண்டியில் அப்பா எடை மேஸ்திரி. மூட்டைக்குள் கையை விட்டு இரண்டே இரண்டு காயை எடுப்பார். கட்டைவிரலால் உடைத்துப் பருப்பைப் பார்த்துவிட்டு மூட்டை முழுவதற்கும் தரம் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதே பழக்கத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார் என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் புரிந்தது.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். விழுப்புரத்தில் ஆசிரியப் பயிற்சி இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். காலைப் பாசஞ்சரில் போய் மாலைப் பாசஞ்சரில் திரும்புவாள். சீசன் டிக்கெட்டை ஒரு சின்னத் தகர உறையில் போட்டுச் நகையைப்போலப் பத்திரமாக வைத்திருப்பாள். ரயிலில் படிப்பதற்கு அவளுக்கு எப்போதும் ஒரு நாவல் வேண்டும்.

நாவல்கள் வந்தது ரயிலடிக்கு எதிரே இருந்த வாடகை நூல்நிலையத்திலிருந்து. மாதாமாதம் வரும் துப்பறியும் நாவல்களை மூன்று மூன்றாகச் சேர்த்து, கெட்டியான பழுப்பு அட்டை போட்டு, சணல் நூலால் தைத்து வைத்திருப்பார் நூல்நிலையக்காரர். பூச்சி அரிக்காமல் இருக்கப் பசையில் மயில்துத்தம் கலந்திருப்பார். புத்தகத்தைத் திறந்ததும் அந்த வாசனை மூக்கில் ஏறும். இன்றைக்கும் அந்த வாசனை எங்காவது வந்தால் யாரோ கொலை செய்யப்படப் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

அவர் செய்த புதுமை ஒன்று உண்டு. எந்தத் தொடரை வாங்குவது, எதை நிறுத்துவது என்று தெரிந்துகொள்வதற்காக ஒவ்வொரு பைண்டிங்கின் கடைசியிலும் வெள்ளைத்தாள் ஒன்றை ஒட்டி, மேலே ‘படித்தவர் கருத்து’ என்று எழுதிவைத்தார். அவ்வளவுதான், திண்டிவனமே பேனாவை எடுத்துவிட்டது. ஆனால் யாரும் சொந்தப் பெயரைப் போடுவதில்லை. ‘ஓர் உண்மை விரும்பி’ என்று ஒருவர், எந்தக் கதையானாலும் “முடிவு சரியில்லை” என்று மட்டும் எழுதுவார். ‘ரயில்வே குவார்ட்டர்ஸ்’ என்று கையெழுத்துப் போடுகிறவருக்கு அட்டைப்படத்தின்மேல்தான் கோபம். “அட்டையில் இருக்கும் பெண் கதையில் எந்த இடத்திலும் வரவில்லை. இது ஏமாற்று வேலை” என்பார். எவனோ ஒரு பாவி, முதல் பக்கத்திலேயே “கொலைகாரன் தோட்டக்காரன்” என்று எழுதிவைத்துவிட்டுப் போவான். அதன் கீழே பத்துப் பேர் அவனைத் திட்டியிருப்பார்கள்.

எனக்குப் படக்கதைகள். அதிலும் ஒற்றைக்கண் கடற்படைத் தளபதி ஒருவன் மாதம் ஒரு தீவைக் காப்பாற்றும் தொடர்தான் உயிர். அதன் கடைசித்தாளில் நானும் ஒரு தடவை எழுதினேன்: “படம் நன்றாக உள்ளது. ஆனால் பதினெட்டாம் பக்கத்தில் குதிரைக்கு மூன்று கால்தான் இருக்கிறது.” அடுத்த தடவை அந்தப் புத்தகம் கையில் வந்தபோது கீழே பதில் இருந்தது. “நாலாவது கால் வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிறது. நன்றாகப் பார். — பெருமுக்கல்.” பார்த்தேன். குளம்பு மட்டும் தெரிந்தது. ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் எல்லாரையும் படுத்தி எடுத்தேன்.

பெருமுக்கல் என்பது மரக்காணம் சாலையில் மலைமேல் கோயில் இருக்கும் ஊர். அந்த ஊர்ப் பெயரைக் கையெழுத்தாகப் போட்டவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. எழுத்து மட்டும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாக மாறும் காப்பியிங் பென்சில் இருந்ததே, இப்போது தேடினாலும் கிடைப்பதில்லை, அதில் எழுதிய பெரிய பெரிய எழுத்து. கருத்துகளில் அதுதான் ராஜா. ஒரு கதையில் கேப்பைக் கூழில் விஷம் கலந்ததால் கூழ் கறுத்துவிட்டது, அதைவைத்துத் துப்பறிவாளர் கண்டுபிடித்தார் என்று வந்தது. பெருமுக்கல் எழுதியது: “கூழ் எப்போதுமே அந்த நிறம்தான். ஆசிரியர் கேப்பையைக் கண்ணால் பார்த்ததில்லை.” அதன் கீழே அக்கா எழுதினாள்: “பார்த்திருந்தால் குடித்துவிட்டுப் படுத்திருப்பார், நமக்கு இந்தக் கதை வந்திருக்காது. — திண்டிவனம்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டு ஊர்களும் கடைசிப் பக்கத்தில் பேசிக்கொண்டன. அவர்கள் பேச்சு பெரும்பாலும் ஒரே தொடரைப் பற்றியது. அதில் துப்பறிகிறவர் ஒரு வக்கீல். போலீஸ் கமிஷனரின் மகளுக்கு அவரிடம் உதவியாளராகச் சேர ஆசை. கமிஷனர் விடமாட்டார். அவள் திருட்டுத்தனமாக வந்து உதவுவாள், சரியாகப் பிணத்தைப் பார்க்கும் இடத்தில் மயங்கி விழுவாள். மாதாமாதம் இதுதான். “இந்தப் பெண் மயங்கி விழாத மாதம் ஒன்று வேண்டும்” என்று பெருமுக்கல் எழுதியதை நூல்நிலையக்காரர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் காட்டிச் சிரித்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் அக்கா சத்தமாகப் படிப்பாள். அம்மா முறத்தில் விதை மல்லாட்டையை உடைத்துக்கொண்டே கேட்பாள். அம்மா எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், அதனால் அவளுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பது என் எண்ணம். ஆனால் கதை பாதி போவதற்குள், “அந்த டாக்டரு பையந்தான்” என்பாள் நிமிராமலே.

“எப்படிம்மா?”

“எல்லாரும் பொணத்தப் பாத்து அழுவுறாங்க. அவன் மட்டும் வாச்சப் பாக்குறான்.”

அந்தச் சித்திரையில் எனக்குப் பள்ளிக்கூட விடுமுறை. அக்காவுக்கு வைகாசியில் கடைசிப் பரீட்சை. ஒரு மத்தியானம் அப்பா சாப்பாட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, பாயில் சாய்ந்திருந்தார். அன்றைக்கு ஏனோ அவர் முகம் சாந்தமாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவின் புத்தகத்தை எடுத்துப்போய்க் கடைசிப் பக்கத்தை விரித்தேன்.

“அப்பா, இது அக்கா எழுதுனது. ஊர்ல எல்லாரும் படிக்கிறாங்க. பெருமுக்கல்லேர்ந்து பதிலு கூட வரும்.”

அப்பா வாங்கிப் பார்த்தார். அந்தப் பக்கத்தில் இருந்த நாலு வரியும் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

“அப்பா இருக்கும்வரை இது நடக்காது. மீறி வெளியே வந்தால்தான் உண்டு. — பெருமுக்கல்.”

“என் ஆசையும் அதுதான். துணிச்சல் வேண்டுமே. — திண்டிவனம்.”

“அடுத்த மாதம் முதல் தேதி தெரிந்துவிடும். பொறுத்திரு. — பெருமுக்கல்.”

“காத்திருக்கிறேன். — திண்டிவனம்.”

“எத்தினி நாளா இது நடக்குது?” என்று கேட்டார். குரல் உயரவில்லை.

“ரொம்ப நாளாப்பா.”

“பெருமுக்கல்ன்னா யாரு?”

“தெரியாதுப்பா.”

வேறு எந்தப் பக்கத்தையும் அவர் புரட்டவில்லை. கதை என்ன என்று கேட்கவில்லை. புத்தகத்தைப் பரண்மேல் போட்டுவிட்டு மண்டிக்குப் போய்விட்டார். நான் ஏதோ செய்துவிட்டேன் என்று மட்டும் தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை.

மாலை அக்கா வந்து செருப்பைக் கழற்றும்போதே அப்பா வீட்டில் இருந்தார். அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருப்பதே இல்லை.

“சீசன் டிக்கெட்டக் குடு.”

“எதுக்குப்பா?”

“நாளைலேர்ந்து போவ வேணாம். முதல் தேதி இன்னா?”

அக்காவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு பரணைப் பார்த்தாள். “அது நாவல் வர்ற தேதிப்பா.”

“அப்பன மீறி வர்றது?”

“அது கதைல வர்ற அப்பா.”

“கதைக்கு எவனாச்சும் லெட்டரு எழுதிக்கினு இருப்பானா? யாரு அவன்?”

“யாருன்னே எனக்குத் தெரியாதுப்பா. பாத்ததுகூட இல்ல.”

அவள் சொன்னது முழு உண்மை. அதுதான் காரியத்தைக் கெடுத்தது.

“யாருன்னே தெரியாதவனுக்குக் காத்துக்கினு இருக்கேன்னு எழுதுவியா நீ?”

அக்கா அழவில்லை. தகர உறையை அப்பாவின் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அம்மா குறுக்கே வந்து, “பொண்ணு சொல்றத முழுசா கேளுங்க” என்றாள். “நானே ரெண்டு கண்ணால பாத்தேன், நீ சும்மா இரு” என்றார் அப்பா. நானே பார்த்தேன் என்று அவர் சொன்னதால், காட்டியது நான் என்பது வெளியே வராமல் போயிற்று. நானும் சொல்லவில்லை.

இரண்டே நாளில் வானூரிலிருந்து பெரியப்பா வந்தார். அந்தப் பக்கம் கட்டட வேலை எடுத்துச் செய்கிற ஒருவரைச் சொன்னார். நல்ல பையன், கெட்ட பழக்கம் இல்லை, வருகிற வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருகிறார்கள், வைகாசி முதல் முகூர்த்தத்திலேயே முடித்துவிடலாம் என்றார். பரீட்சையைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. ஊதாப் பென்சில் மண்டியில் மூட்டைக்குக் குறி போடுகிற பென்சில் என்பதால், அப்பா மண்டியில் வேலை பார்த்த இளவட்டங்களை ஒவ்வொருவராக முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அது பின்னாளில் தெரிந்தது.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அக்கா என்னிடம் எப்போதும்போலவே பேசினாள், தலை பின்னிவிட்டாள். அது இன்னும் மோசமாக இருந்தது. கடற்படைத் தளபதியைத் தொடவே பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள், அப்பா மண்டிக்குப் போனதும் அம்மா ஸ்டூல் போட்டுப் பரண் ஏறிப் புத்தகத்தை எடுத்தாள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினாள். அந்தப் பக்கத்தை முடித்ததும், “லைப்ரரிக்குப் போயி ஊதா எழுத்து இருக்குற புக்கு இன்னும் நாலு வாங்கியா” என்றாள். வாங்கி வந்தேன். மறுநாள் சாயங்காலம்வரை உதடு அசைய அசைய, கதையை விட்டுவிட்டு, கருத்துகளை மட்டும் படித்தாள். கடைசியில் நிமிர்ந்து அக்காவைக் கூப்பிட்டாள்.

“இது பொம்பள எழுதுனது.”

“எப்படிம்மா சொல்ற?”

“இங்க பாரு. கமிஷனர் பொண்ணு தலைக்குத் தண்ணி ஊத்திக்கினு ஈரத்தலையோட திருடனத் தொரத்துது. அந்தக் கூந்தல் எப்பக் காஞ்சிது, சளி புடிக்காதான்னு கேட்டிருக்குது. எந்த ஆம்பளைக்கு இது தோணும்?”

அக்கா அன்றைக்குத்தான் முதன்முதலாக அழுதாள். “நீ சொன்னா அப்பா நம்புவாராம்மா?”

“நம்ப மாட்டாரு. ஆளக் கொண்டாந்து நிறுத்தணும்.”

நூல்நிலையக்காரரிடம் அம்மாவே போய் விசாரித்தாள். வெளி ஆள் ஒருவர் முன்னால் நின்று அம்மா பேசியதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. “பஸ் கண்டக்டர் ஒருத்தர் வந்து எடுத்துக்கினு போறாருங்க. அவருதான் படிக்கிறாரா, வேற யாராச்சுமான்னு நான் கேட்டதில்லைங்க” என்றார் அவர். திரும்பி வரும் வழியில் அம்மா என்னிடம், “கண்டக்டருன்னு அப்பா காதுல உழுந்துச்சின்னா அவருதான்னு முடிவு கட்டிடுவாரு. வாயத் தொறக்காத” என்றாள். வாயைத் திறந்ததன் பலனை அனுபவித்துக்கொண்டிருந்த நான் வேகமாகத் தலையாட்டினேன்.

பெண் பார்க்க வரும் வெள்ளிக்கு இரண்டு நாள் இருந்தது. கல்யாணம் நல்லபடியாக நடக்க பெருமுக்கல் மலைக்கோயிலில் வேண்டிக்கொண்டு வருகிறேன் என்றாள் அம்மா. அப்பாவுக்கு மகிழ்ச்சி. ஊர்ப் பெயர் காதில் விழுந்தும் அவருக்கு உறைக்கவில்லை, அல்லது கோயில் என்றதும் சந்தேகம் ஓடிவிட்டது. அம்மாவும் நானும் மரக்காணம் பஸ்ஸில் ஏறினோம்.

கண்டக்டர் மீசை பாதி நரைத்தவர். அவருடைய தோல்பைக்குப் பக்கத்தில் பழுப்பு அட்டை ஒன்று எட்டிப் பார்த்தது. அம்மா அதைக் காட்டி, “இது யாரு படிக்கிறதுங்க?” என்றாள்.

அவர் பயந்துவிட்டார். “ஏம்மா, பக்கம் எதாச்சும் கிழிஞ்சிருக்குதா? நான் பத்திரமாத்தான் கொண்டார்றேன். படிக்கிறது எங்க பெரியம்மாங்க. கையில புக்கு இல்லன்னா என்னப் பேஜாரு பண்ணிடும்.”

அம்மா கண்ணை மூடித் திறந்தாள். அவள் நெஞ்சிலிருந்து இறங்கிய மூச்சு பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது.

அவர் சொன்ன வழியில் ஊரைக் கடந்து, மலையைப் பார்த்து நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. மோட்டார்க் கொட்டகைக்குப் பக்கத்தில் பிடுங்கிய மல்லாட்டைச் செடிகளைக் குவித்துப்போட்டு ஐந்தாறு பெண்கள் காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். பச்சைக் காயும் ஈர மண்ணும் கலந்த வாசனை. நடுவில் உட்கார்ந்திருந்தவருக்கு அறுபதை ஒட்டிய வயது. முழங்கைவரை மண். கீழுதட்டில் ஊதாக் கறை. நான்தான் முதலில் பார்த்தேன். அம்மாவின் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

அம்மா நேராக விஷயத்துக்குப் போகவில்லை. எதிரில் உட்கார்ந்து, ஒரு செடியை எடுத்துக் காய் ஆய ஆரம்பித்தாள்.

“அக்கா, போன மாசக் கதைல டாக்டரு பையந்தான் கொலகாரன்னு நீங்க எந்த எடத்துல கண்டுபுடிச்சீங்க?”

அந்தம்மா கை நின்றது. எங்களை மேலும் கீழும் பார்த்தார். “ஊசி போடுறப்பவே. எடது கைல போடுறான். கத்திக்குத்தும் எடது பக்கமாப் போயிருக்குது. நீ?”

“நான் அதுக்கும் முன்னாடி. வாச்சப் பாத்தான்.”

“எங்க பாத்தான்?”

“பொணம் கெடக்கசொல்ல.”

அந்தம்மா யோசித்தார். “ஆமா, பாத்தான். நான் கவனிக்கல” என்றார். ஒத்துக்கொள்ள அவருக்குக் கஷ்டமாக இருந்தது தெரிந்தது. பிறகு இரண்டு பேரும் வந்த காரியத்தை மறந்துவிட்டார்கள். ஆறு மாதக் கொலைகளைப் பற்றியும் பேசித் தீர்த்தார்கள். நான் பச்சைக் காயாகத் தின்றுகொண்டிருந்தேன். கடைசியில் நான்தான், “அம்மா, அக்கா” என்று ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

அம்மா சொல்லச் சொல்ல அந்தம்மாவின் முகம் இறுகிக்கொண்டே வந்தது. “திண்டிவனம் ஒரு சின்னப் பொண்ணா? நான் எதோ வாத்தியாரம்மான்னு நெனச்சிக்கினு எழுதினேனே” என்றார். “ஊரு பேரு மட்டும் போட்டா ஆளு யாருன்னு ஆராய மாட்டாங்க, சொன்னது சரியா தப்பான்னு மட்டும் பாப்பாங்கன்னுதான் அப்படிப் போட்டேன். அது இப்படி முடிஞ்சிச்சா.” கையில் இருந்த செடியைக் கீழே போட்டார். “உன் வூட்டுக்காரரு எங்க வேல செய்யிறாரு?”

“மண்டிலக்கா. எடை மேஸ்திரி.”

“ரெண்டு காய ஒடச்சிட்டு மூட்டைக்கே பேரு வெப்பாரே, அவரா?” அந்தம்மா மண் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “எங்க லோடு நாளன்னிக்குத்தான் வர்றதா இருந்துச்சி. நாளைக்கே கொண்டாறேன். நீ போ தங்கச்சி.”

மறுநாள் அம்மா என் கையில் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்து வழக்கத்தைவிட முன்னதாகவே மண்டிக்கு அனுப்பினாள். மண்டியில் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். நான் போய் நிற்கும்போது அப்பா தராசுப் பக்கம் நின்று, “பெருமுக்கல் வண்டிய உள்ள வுடு” என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் வாயாலேயே சொன்னார். வருஷக்கணக்காகச் சொல்லிவந்த வார்த்தை.

வண்டியிலிருந்து அந்தம்மா இறங்கினார். அப்பா வழக்கம்போல மூட்டைக்குள் கையை விட்டு இரண்டு காயை உடைத்தார்.

“சுருங்கல் இருக்குதும்மா.”

“ரெண்ட ஒடச்சிட்டு எல்லாத்தையும் சொல்லாத மேஸ்திரி. அடில கைய வுட்டுப் பாரு.”

அப்பா முழங்கைவரை விட்டு ஒரு பிடி எடுத்தார். உடைத்தார். எல்லாம் திரண்ட பருப்பு. “சரிதாங்க” என்றார். அந்தம்மாவிடம் மட்டும் அவருக்கு எப்போதும் அந்த மரியாதை உண்டு என்று மண்டியில் சொல்வார்கள். நியாயம் பேசுகிறவர் என்று வீட்டில்கூட ஓரிரு முறை சொல்லியிருக்கிறார்.

“அந்த எடைச் சீட்டக் குடு” என்று வாங்கி, பின்பக்கமாகத் திருப்பி, மூட்டைமேல் வைத்து, அப்பாவின் காதில் செருகியிருந்த பென்சிலையே எடுத்து, நாக்கில் தொட்டு, அந்தம்மா நிதானமாக எழுதினார். எழுதி நீட்டினார்.

எனக்கு எட்டவில்லை. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சீட்டை மூன்று தடவை படித்திருப்பார். அதே பெரிய பெரிய ஊதா எழுத்து.

“நீங்களா?” என்றார்.

“நாந்தான். எட்டாவது வரைக்கும் படிச்சிருக்கேன். ஏன், எழுதக்கூடாதா?”

“முதல் தேதி…”

“முதல் தேதி புது நாவலு வரும்.”

“அப்பன மீறி வெளிய வர்றதுன்னு…”

“கதைல ஒரு போலீஸ் கமிஷனரு, பொண்ண வேலைக்கு வுட மாட்டேங்கறான். அவனச் சொன்னேன். ஒன்னச் சொல்லல” என்றவர், சற்று நிறுத்தி, “நேத்து வரைக்கும்” என்றார்.

அப்பா அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவமானமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை, தோளெல்லாம் தளர்ந்து, பாரம் இறக்கிய மாட்டைப்போல இருந்தார். ஒரு வாரமாக அவரும் சரியாகச் சாப்பிடவில்லை என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் கோபமாக இருப்பதாகவே நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அவர் பயந்துகொண்டிருந்தார். அன்றைய அப்பாவைவிட எனக்கு இப்போது இருபது வயது கூடுதல். செய்தது தப்புதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பயத்தை என் பிள்ளைகள் விஷயத்தில் நானும் பட்டிருக்கிறேன்.

அன்று தூக்கைத் திறக்காமலே என்னைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அக்கா கிணற்றடியில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். சட்டைப் பையிலிருந்து தகர உறையை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார்.

“சீசன் முடிய இன்னும் நாளு இருக்குது. காலைல ஜல்தி கெளம்பு.”

மன்னிப்பு என்று ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் காலத்து அப்பாக்களுக்கு அது வராது, உங்களுக்குத் தெரியாததா. அக்கா துணியைப் பார்த்துக்கொண்டே, “சரிப்பா” என்றாள். அவர் போகாமல் நின்றார். தொண்டையைச் செருமினார்.

“அந்தப் பொண்ணு… கதைல வர்றது. வெளிய வந்துச்சா இல்லியா?”

“முதல் தேதி வந்தாதாம்பா தெரியும்.”

சமையலறைக்குள்ளிருந்து அம்மா சிரிக்கும் சத்தம் கேட்டது. அப்பா காதில் விழாததுபோல நடந்தார்.

வானூருக்கு அன்றே தந்தி போயிற்று, பரீட்சை முடியட்டும் என்று. பெரியப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம். அந்தக் கட்டட வேலைக்காரருக்கு ஆவணியிலேயே வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. நாங்கள் எல்லாரும் போய்ச் சாப்பிட்டோம். அக்காவும் வந்தாள். உண்மையிலேயே நல்ல மனிதர். பிற்காலத்தில் எங்கள் வீட்டுக்கு மாடி கட்டிக்கொடுத்தவரும் அவர்தான்.

முதல் தேதி நாவல் வந்தது. கமிஷனர் மகள் வீட்டைவிட்டெல்லாம் வரவில்லை. ஆசிரியருக்கு அவ்வளவு தைரியம் இல்லை. கமிஷனருக்கு மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சம்மதம் கொடுத்துவிட்டார். “மட்டம்” என்று பெருமுக்கல் எழுதியிருந்தது. அதன் கீழே, “திண்டிவனம் ஏன் பேசவில்லை?” என்றும் இருந்தது.

அக்காவுக்கு மறுபடி எழுதக் கை வரவில்லை. அது ஒன்றுதான் அந்தக் கோடையில் திரும்பி வராமல் போனது. புத்தகம் இரண்டு நாள் வீட்டிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் அம்மா என்னிடம் பேனா கேட்டாள். முறத்தைக் கவிழ்த்து அதன்மேல் புத்தகத்தை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, கோணல்மாணலாக எழுதினாள். “மாரடைப்பு வரும் என்று எனக்கு முன்னமே தெரியும். போன மாதமே நெஞ்சைத் தடவினார். — திண்டிவனம்.” அப்புறம் பல வருஷத்துக்குத் திண்டிவனம் என்பது அம்மாதான்.

அக்காவின் கடைசிப் பரீட்சை அன்று நானும் கூடப் போனேன். விழுப்புரத்தில் பள்ளிக்கூட மதில் நிழலில் தண்ணீர்ப் பாட்டிலோடு மூன்று மணிநேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தவள் விரல் முழுக்க மையாக, “நல்லா எழுதிட்டேன்” என்றாள். மாலைப் பாசஞ்சரில் ஜன்னலோரம் கிடைத்தது. முண்டியம்பாக்கம் வந்தபோது கரும்புப் பாகு காயும் வாசனை பெட்டிக்குள் வந்தது. அதற்குமேல் என்னால் அடக்க முடியவில்லை.

“அக்கா, அந்தப் புக்க அப்பாகிட்டக் காட்டுனது நான்.”

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். “தெரியும்.”

“எப்பத் தெரியும்?”

“அன்னிக்கே. அப்பாவாவது நாவலத் தேடி எடுத்துக் கடைசிப் பக்கம் பாக்குறதாவது.”

“அப்புறம் ஏங்க்கா என்னத் திட்டல?”

“மாட்டிவுடணும்னா காட்டுன? என்னப் பத்திப் பெருமையாச் சொல்றதுக்குத்தான காட்டுன” என்றாள் அக்கா. “நகந்து உக்காரு, வெயிலு மூஞ்சில அடிக்குது பாரு.”

நகர்ந்து உட்கார்ந்தேன். விக்கிரவாண்டி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. திண்டிவனத்தில் அவள் தோளைத் தட்டி எழுப்புகிறவரை தூங்கினேன். அந்த ஒரு மாதத்தில் நான் நன்றாகத் தூங்கியது அன்றைக்குத்தான்.